சி மொழியில் ரிகர்ஷன்: எண் ஒன்று குறையும் அந்த இடம்

சி மொழி படிக்கத் தொடங்கியவர்கள் ரிகர்ஷனில், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் இடத்தில், வந்து தடுக்கி நிற்கும்போது, ரிகர்ஷனே கடினம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்கள் எழுதிய நிரலை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் தவறு வேறு இடத்தில் இருக்கும். எண்ணை ஒன்று குறைத்து அடுத்த அழைப்புக்கு அனுப்புகிற ஒரே ஒரு வரி அது. அங்கே ‘எண் - 1’ என்று எழுதினால் ஒரு விடை வரும். ‘--எண்’ என்று எழுதினால் சில நேரம் அதே விடை, சில நேரம் வேறு விடை. ‘எண்--’ என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் நிரல் நிற்கவே நிற்காது. மூன்றுமே ‘ஒன்றைக் குறை’ என்றுதானே சொல்கின்றன என்று தோன்றும். இல்லை, மூன்றும் மூன்று வேறு வேலைகள். அந்த வித்தியாசத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் புரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே தேவைப்படும்.

நிரல் வரிகளைப் பற்றி ஒரு சொல். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே காட்டியிருக்கிறேன். இண்ட், வாய்ட், இஃப், ரிட்டர்ன், பிரிண்ட்எஃப், அப்புறம் அச்சிடும் வரியில் வரும் %டி ஆகியவற்றைக் கணினியில் அடிக்கும்போது சி மொழிக்குரிய ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் தமிழிலேயே விட்டுவிடலாம். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தரும் ஜிசிசி கம்பைலர், 10ஆம் பதிப்பிலிருந்து அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

முதலில் குறைப்புச் செயற்குறி மட்டும்

ரிகர்ஷனை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ‘எண்’ என்று ஒரு மாறி, அதில் 5 இருக்கிறது.

அ = எண் - 1;

இதற்குப் பிறகு அ-வில் 4. எண்ணில் இன்னும் 5தான். கழித்துப் பார்த்தோம், அவ்வளவுதான், மூல மாறியைத் தொடவில்லை.

அ = --எண்;

இப்போது அ-வில் 4, எண்ணிலும் 4. முதலில் மாறியையே குறைத்துவிட்டு, குறைந்த மதிப்பைக் கொடுக்கிறது.

அ = எண்--;

மறுபடி எண்ணில் 5 இருந்ததாக வைத்துக்கொள்வோம். இந்த வரி முடிந்ததும் எண்ணில் 4. ஆனால் அ-வில் 5. பழைய மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டு மாறியைக் குறைக்கிறது.

ஆக, இரட்டைக் கழித்தல் குறியைப் பார்த்தவுடன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மாறி என்ன ஆகிறது? மாறியும் குறியும் சேர்ந்த அந்தக் கோவை என்ன மதிப்பைத் தருகிறது? முதல் கேள்விக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் ஒரே பதில்: மாறி ஒன்று குறைகிறது. இரண்டாவது கேள்வியில்தான் வழி பிரிகிறது. தனி வரியாக ‘எண்--;’ என்று எழுதினால் அந்த மதிப்பை யாரும் வாங்குவதில்லை, அதனால் ‘--எண்;’ என்று எழுதினாலும் பலன் ஒன்றே. மதிப்பை வாங்குவதற்கு ஒரு கை நீண்டிருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஃபங்ஷனை அழைப்பது அப்படி ஒரு கை. இதை மனதில் வையுங்கள், கட்டுரையின் பாதி இதுதான்.

இந்தச் செயற்குறிகள் சி மொழியோடு பிறந்தவை அல்ல. அதற்கு முந்தைய பி மொழியில் கென் தாம்ப்சன் கொண்டுவந்தவை. பிடிபி-11 கணினியில் இருந்த தானாகக் கூட்டும், தானாகக் குறைக்கும் முகவரி முறையைப் பார்த்துத்தான் இவை வந்தன என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி அதை மறுத்திருக்கிறார்: பி மொழி உருவானபோது பிடிபி-11 இன்னும் வரவே இல்லை.

இரண்டு சின்ன விஷயம். குறைக்க ஒரு மாறி வேண்டும், ‘--5’ என்று எழுத முடியாது. அப்புறம், ‘அ---ஆ’ என்று ஒட்டி எழுதினால் கம்பைலர் இடமிருந்து எவ்வளவு நீளமாக ஒரு குறியை எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்கும், அதனால் அது ‘(அ--) - ஆ’ ஆகிவிடும். இடைவெளி விட்டு எழுதுங்கள்.

இப்போது ரிகர்ஷன்

பாடப்புத்தகங்கள் தற்சுழற்சி என்று சொல்லும் இதில் ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கிறது. மிக எளிய ஒன்று:

வாய்ட் இறங்கு(இண்ட் எண்)
{
    இஃப் (எண் == 0) ரிட்டர்ன்;
    பிரிண்ட்எஃப்("%டி ", எண்);
    இறங்கு(எண் - 1);
}

இறங்கு(3) என்று அழைத்தால் 3 2 1 என்று அச்சாகும். எண் 0 ஆனதும் திரும்பிவிடுகிற அந்த முதல் வரி நிறுத்த நிபந்தனை. ஒவ்வொரு அழைப்பும் அந்த நிபந்தனைக்கு ஒரு படி அருகில் போக வேண்டும். கடைசி வரியில் இருக்கும் ‘எண் - 1’ அதைச் செய்கிறது.

இதுவரை எல்லோருக்கும் புரிந்துவிடும். புரியாமல் போவது இதற்கு அடுத்தது: இங்கே எத்தனை ‘எண்’ இருக்கின்றன?

நிரலில் பெயர் ஒன்றுதான். ஓடும்போது நான்கு. இறங்கு(3) என்று அழைத்தவுடன் ஒரு பெட்டி உருவாகிறது, அதில் எண் = 3. அது இறங்கு(2)ஐ அழைக்கும்போது இரண்டாவது பெட்டி, அதில் எண் = 2. முதல் பெட்டி அழியவில்லை. உள்ளே இருக்கும் 3-உம் மாறவில்லை. வேலை பாதியில் நிற்க, அது காத்திருக்கிறது. மூன்றாவது பெட்டியில் 1, நான்காவதில் 0. நான்காவது உடனே திரும்புகிறது, அந்தப் பெட்டி போய்விடுகிறது. பிறகு மூன்றாவது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடிகிறது, பிறகு இரண்டாவது, கடைசியாக முதலாவது. கடைசியாகத் திறந்த பெட்டி முதலில் மூடப்படும். இந்தப் பெட்டிகள் அடுக்கப்படும் நினைவகப் பகுதியைத்தான் ஸ்டாக் என்கிறோம்.

‘ஒவ்வொரு அழைப்புக்கும் தனிப் பெட்டி’ என்பது எல்லாக் காலத்திலும் இயல்பாகக் கிடைத்த வசதி அல்ல. பழைய ஃபோர்ட்ரானில் ஒரு ஃபங்ஷனின் மாறிகளுக்கு நிலையான ஒரே இடம் ஒதுக்குவதே வழக்கம். ஃபங்ஷன் தன்னையே அழைத்தால் பழைய மதிப்பின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். அந்த மொழியின் தரநிலை ரிகர்ஷனை முறையாக ஏற்றது ஃபோர்ட்ரான் 90இல்தான். தனிப் பெட்டி இல்லையென்றால் ரிகர்ஷனே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சரி, இப்போது அந்தக் கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள். முதலில் இறங்கு(எண் - 1), அதற்குப் பிறகு பிரிண்ட்எஃப். விடை 1 2 3 என்று தலைகீழாகிவிடும். ஏன் என்று தாளில் வரைந்து பாருங்கள்: அச்சிடும் வேலை, உள்ளே போன அழைப்பு திரும்பிய பிறகுதான் நடக்கிறது. முதலில் வேலை முடிப்பது 1 இருக்கும் பெட்டி. போகும் வழியில் நடப்பது, திரும்பும் வழியில் நடப்பது என்று இரண்டு கட்டம் இருப்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. அழைப்பு வரிக்கு மேலே எழுதியது போகும்போது ஓடும், கீழே எழுதியது திரும்பும்போது ஓடும். அழைப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முறை அச்சிட்டால் 3 2 1 1 2 3. அடுத்த பகுதிக்குப் போகும் முன் இந்த விடையை நீங்களே பெட்டி வரைந்து கொண்டுவந்துவிடுங்கள். அவசரம் வேண்டாம்.

ஒரே வரி, மூன்று விதம்

இரண்டு முறை அச்சிடும் அதே ஃபங்ஷனில் அழைப்பு வரியை மட்டும் மாற்றுவோம்.

இறங்கு(--எண்);

முதல் பெட்டியில் 3. அச்சாகிறது. பிறகு --எண்: பெட்டியில் இருந்த 3-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதுங்கள். அந்த 2 அடுத்த பெட்டிக்குப் போகிறது. அங்கே 2 அச்சாகி, 1 ஆகி, அடுத்த பெட்டி. அங்கே 1 அச்சாகி, 0 ஆகி, அடுத்த பெட்டி. அது உடனே திரும்புகிறது. இப்போது திரும்பும் வழி. மூன்றாவது பெட்டியில் இருப்பது 1 அல்ல, 0. அது அச்சாகிறது. இரண்டாவதில் 1, முதலாவதில் 2. மொத்த விடை 3 2 1 0 1 2.

போகும் வழியில் ஒரு வித்தியாசமும் இல்லை. திரும்பும் வழியில் எல்லாம் ஒன்று குறைந்துவிட்டது. அழைப்புக்குப் பிறகு எண்ணைப் பயன்படுத்தாத ஃபங்ஷனில் ‘--எண்’ போட்டாலும் சரியான விடை வருவது இதனால்தான். அப்படி வந்துவிட்டதால் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்ற தவறான நம்பிக்கையும் அங்கேதான் வேர் பிடிக்கிறது. ஒரு வாரம் கழித்து அழைப்புக்குக் கீழே ஒரு வரி சேர்ப்பீர்கள், விடை மாறிவிடும், காரணம் தெரியாது.

இறங்கு(எண்--);

முதல் பெட்டியில் 3. எண்-- தன் பெட்டியை 2 ஆக்குகிறது, ஆனால் கொடுப்பது பழைய 3-ஐ. இரண்டாவது பெட்டிக்கு 3 போகிறது. அதுவும் தன் பெட்டியைக் குறைத்துக்கொண்டு 3-ஐ அனுப்புகிறது. 3 3 3 3 என்று போய்க்கொண்டே இருக்கும். குறைவு ஒவ்வொரு பெட்டியிலும் நடக்கத்தான் செய்கிறது, அடுத்த பெட்டிக்கு அது போய்ச் சேருவதில்லை.

முடிவில் ஸ்டாக் நிரம்பி, லினக்ஸில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற செய்தியோடு நிரல் விழும். லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான உச்ச அளவு 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. ஒரு பெட்டிக்கு 32 பைட் என்று வைத்தால் 8 எம்பி-யில் 2,62,144 பெட்டிகள்தான் அடங்கும். அதை நிரப்பக் கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

அழைப்பே ஃபங்ஷனின் கடைசி வேலையாக இருந்து, உயர்ந்த மேம்படுத்தல் நிலையில் தொகுத்தால் (கம்பைல் செய்தால்), ஜிசிசி அந்த அழைப்பை ஒரு சுழற்சியாகவே (லூப்) மாற்றிவிடலாம். அப்போது ஸ்டாக் நிரம்பாது. நிரல் விழாமல் முடிவின்றி ஓடும். நண்பர் கணினியில் விழுகிறது, என்னுடையதில் தொங்குகிறது என்றால் ஒரே தவறின் இரண்டு முகமாக அது இருக்கலாம்.

என் அழுத்தமான கருத்து: ரிகர்ஷன் அழைப்பில் நீங்கள் எழுதும்போது எப்போதும் ‘எண் - 1’ எழுதுங்கள். மாறியை மாற்ற வேண்டிய தேவையே அங்கே இல்லை, புதிய பெட்டிக்குக் குறைந்த மதிப்பு போனால் போதும். இரட்டைக் கழித்தல் சுழற்சிகளுக்கு அருமையான கருவி. ரிகர்ஷனில் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், எழுதத் தேவையில்லை.

விடையே இல்லாத ஒரு வரி

ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கிய விடை, கணக்கிடும் ஃபங்ஷன் எல்லோரும் எழுதுவது:

இண்ட் பெருக்கு(இண்ட் எண்)
{
    இஃப் (எண் <= 1) ரிட்டர்ன் 1;
    ரிட்டர்ன் எண் * பெருக்கு(எண் - 1);
}

பெருக்கு(5) 120 தரும். இதில் கடைசி வரியை ‘எண் * பெருக்கு(--எண்)’ என்று மாற்றினால் என்ன வரும்? இடப்பக்கத்து எண்ணை முதலில் படித்தால் 120. வலப்பக்கத்தை முதலில் முடித்துவிட்டுப் பிறகு படித்தால் 24. இரண்டில் எது சரி என்று கேட்டால், சி மொழித் தரநிலையின் பதில் ‘இரண்டும் இல்லை’. ஒரே கோவையில் ஒரு பக்கம் மாறியைப் படிக்கிறோம், மறுபக்கம் அதையே மாற்றுகிறோம். எது முதலில் என்று மொழி வரையறுக்கவில்லை, அதனால் முழு நிரலின் நடத்தையுமே வரையறுக்கப்படாததாகிவிடுகிறது. உங்கள் கணினியில் இன்று 120 வந்தது என்பது எதையும் நிரூபிக்காது.

முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபொனாச்சி வரிசைக்கு ‘கூட்டு(--எண்) + கூட்டு(--எண்)’ என்று எழுதுவதும் இதே தவறு. அழகாகத்தான் இருக்கும். எழுதாதீர்கள். ‘-டபிள்யூஆல்’ என்ற எச்சரிக்கைத் தெரிவோடு தொகுத்தால் ஜிசிசி இந்த இரண்டு இடத்தையும் சுட்டிக்காட்டும். முதல் நாளிலிருந்தே அந்தத் தெரிவை எப்போதும் போட்டுப் பழகுங்கள்.

ஃபேக்டோரியலில் இன்னொரு கண்ணி. 32 பிட் இண்ட் தாங்கும் உச்சம் 2147483647. 12-இன் ஃபேக்டோரியல் 479001600, அடங்கும். 13-இன் ஃபேக்டோரியல் 6227020800, அடங்காது. 13 கொடுத்துத் தவறான விடை வந்தால் ரிகர்ஷனைச் சந்தேகிக்க வேண்டாம்.

தேர்வுகளில் வரும் புதிர்

வாய்ட் மடக்கு(இண்ட் எண்)
{
    இஃப் (எண் > 0) {
        மடக்கு(--எண்);
        பிரிண்ட்எஃப்("%டி ", எண்);
        மடக்கு(--எண்);
    }
}

மடக்கு(3) என்ன அச்சிடும்? இங்கே இரண்டு குறைப்பு இருந்தாலும் நடுவில் அரைப்புள்ளி இருக்கிறது. ஒரு வரி முழுதாக முடிந்துதான் அடுத்தது. அதனால் விடை உறுதியானது, வரையறுக்கப்படாத நடத்தை இல்லை.

பெட்டி வரையத் தொடங்குங்கள். முதல் பெட்டி: 3, அடித்து 2. இரண்டாவது பெட்டி: 2, அடித்து 1. மூன்றாவது பெட்டி: 1, அடித்து 0. நான்காவதுக்கு 0 போகிறது, நிபந்தனை பொய், திரும்புகிறது. மூன்றாவது பெட்டி தன் 0-ஐ அச்சிடுகிறது. பிறகு 0-ஐ அடித்து -1, அதை அனுப்புகிறது, அந்த அழைப்பும் ஒன்றும் செய்யாமல் திரும்புகிறது. மூன்றாவது மூடியாயிற்று. இரண்டாவதில் இருப்பது 1, அச்சாகிறது. அது 0 ஆகி ஓர் அழைப்பு, ஒன்றுமில்லை. மூடியாயிற்று. முதல் பெட்டியில் 2, அச்சாகிறது. அது 1 ஆகி, மடக்கு(1). அது என்ன செய்யும் என்று ஏற்கெனவே மூன்றாவது பெட்டியில் பார்த்துவிட்டோம்: 0 அச்சிடும்.

விடை 0 1 2 0. மொத்தம் ஒன்பது அழைப்புகள்.

இதையே சின்ன எண்ணிலிருந்து மேலே கட்டினால் வேகமாக வரும். மடக்கு(0) வெறுமை. மடக்கு(1) என்பது 0. மடக்கு(2) என்பது 0 1. எந்த எண்ணுக்கும் விடை: அதற்கு ஒன்று குறைந்ததன் விடை, அடுத்து அந்த ஒன்று குறைந்த எண், அடுத்து இரண்டு குறைந்ததன் விடை. அப்படிப் பார்த்தால் மடக்கு(4)க்கு 0 1 2 0 3 0 1. தேர்வு அறையில் நேரம் மிச்சமாகும். ஆனால் முதல் சில முறை பெட்டி வரைந்தே செய்யுங்கள், இல்லையென்றால் இந்தக் குறுக்கு வழி ஏன் சரி என்பதே பிடிபடாது.

நிற்காமல் ஓடினால் எங்கே பார்ப்பது

ஃபங்ஷனின் முதல் வரியாக எண்ணை அச்சிடுங்கள், நிறுத்த நிபந்தனைக்கும் மேலே. கடைசியில் புதுவரிக் குறியை மறக்காமல் போடுங்கள். திரையில் எழுதும்போது அச்சு வரி வரியாகத்தான் வெளியே போகும். புதுவரி இல்லையென்றால் நிரல் விழும்போது கடைசியாக எழுதியது உள்ளேயே தங்கித் தொலைந்துபோகலாம். பிறகு முதல் நான்கைந்து வரியைப் பாருங்கள்.

ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அழைப்பில் ‘எண்--’ இருக்கிறது, அல்லது குறைக்கவே மறந்திருக்கிறீர்கள். எண் இறங்கி, 0-ஐத் தாண்டி, -1, -2 என்று போனால் நிறுத்த நிபந்தனை அதைப் பிடிக்கவில்லை. ‘எண் == 0’ என்று எழுதிவிட்டு இரண்டிரண்டாகக் குறைத்தால் 7, 5, 3, 1, -1 என்று 0-ஐத் தொடாமலே போய்விடும். ‘எண் <= 0’ என்று எழுதியிருந்தால் தப்பியிருக்கலாம். தொடக்கத்திலேயே எதிர்ம எண் கொடுத்தாலும் இதே கதை.

குறியில்லா முழு எண்ணாக, அதாவது அன்சைன்ட் இண்ட்டாக, மாறியை அறிவித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் 0-இலிருந்து ஒன்றைக் குறைத்தால் -1 வராது, 32 பிட்டில் 4294967295 வரும். ‘எண் < 0’ என்ற நிபந்தனை அங்கே ஒருபோதும் உண்மையாகாது.

ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் என்று அறிவித்த மாறிக்குத் தனிப் பெட்டி கிடையாது. எல்லா அழைப்பும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். தாளில் அதைப் பெட்டிகளுக்கு வெளியே, ஓரமாக, ஒரே ஒருமுறை எழுதுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. மடக்கு ஃபங்ஷனில் இரண்டாவது அழைப்பை மட்டும் ‘மடக்கு(எண்--)’ என்று மாற்றுங்கள். இப்போது நிற்காமல் ஓடுமா? முன்பு பார்த்ததை வைத்து ‘ஆம்’ என்று சொல்லத் தோன்றும். பெட்டி வரைந்து பாருங்கள்: முதல் அழைப்பு வரியே அந்தப் பெட்டியின் எண்ணைக் குறைத்துவிட்டது, அதனால் இரண்டாவது அழைப்பு பழைய மதிப்பை அனுப்பினாலும் உள்ளே வந்ததைவிட அது ஒன்று குறைவுதான். மடக்கு(3) நின்றுவிடும். விடை 0 1 0 2 0 1 0. ஒரு கம்பத்தில் அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக, சிறியதன் மேல் பெரியது வராமல், வேறு கம்பத்துக்கு மாற்றுவது ஹனோய் கோபுரப் புதிர். மூன்று தட்டு வைத்த அந்தப் புதிரில், சிறிய தட்டுக்கு 0, நடுத்தட்டுக்கு 1, பெரியதற்கு 2 என்று எண் கொடுத்தால், எந்த வரிசையில் தட்டுகளை நகர்த்த வேண்டுமோ அதே வரிசை இது. நான்கு தட்டுக்கு மடக்கு(4)ஐ ஓட்டும் முன் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து எண்கள் வர வேண்டும்.